பழைய ரோட்ஸ்டர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த மாதிரி காரைப் பற்றியது?

இரண்டே சீட், கையால் மடக்கும் கூரை, முன்னால் சின்ன இன்ஜின், பின்சக்கர இழுவை, ஒரு டன்னைச் சுற்றி எடை. குறைந்த பணத்தில் பழையதாகக் கிடைக்கும் இந்த ரகத்தில் அதிகம் தென்படுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டிய கார். அமெரிக்காவில் இதை மியாட்டா என்பார்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான முதல் தலைமுறைக் கார்களில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று இருக்கும். எல்லாம் ஒரே கார்தான். உதிரிபாகமும் விவரமும் இதற்குத் தாராளமாகக் கிடைப்பதால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதை வைத்தே எழுதப்பட்டவை. மற்ற கார்களுக்கு ஒரு கேள்வி ஒதுக்கியிருக்கிறோம்.

எந்தத் தலைமுறையை வாங்குவது?

நான்கு தலைமுறைகள்: என்ஏ (1989–1997), என்பி (1998–2005), என்சி (2005–2015), என்டி (2015 முதல்).

என்ஏதான் எழுந்து மடங்கும் ஹெட்லைட் உள்ளது. எடை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் வயது அதிகம், நல்ல நிலையில் இருப்பவற்றின் விலையும் ஏறிவிட்டது. என்பி அதே சேஸிஸின் வளர்ச்சி. பின் கண்ணாடி நிஜக் கண்ணாடி. கையில் பணம் குறைவு என்றால் தேடவேண்டியது இதைத்தான், முன் சேஸிஸ் ரெயில் (காரின் முன்பாதியில், அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம்) துருப்பிடிக்கவில்லை என்றால். என்சி கொஞ்சம் பெரிய உடம்பு, உயரமானவர்களுக்கு வசதி, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதன் ஆரம்பகால 2.0 லிட்டர் இன்ஜினில் ஆயில் அளவு குறைய விட்டால் பேரிங் போகும். என்டி மறுபடி எடை குறைத்த கார். ஆனால் முதல் ஓரிரு வருட 2.0 கார்களில் கியர் பாக்ஸ் உடைந்த புகார்கள் உண்டு, பிறகு பாகங்களைத் திருத்தினார்கள். பழைய என்டி வாங்கினால் கியர் பாக்ஸ் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் ஒன்று உண்டு. தலைமுறையைப் பார்த்து வாங்காதீர்கள், பாடியைப் பார்த்து வாங்குங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் வீட்டு ஷெட்டிலேயே கழற்றி மாட்டக்கூடியவை. அழுகிப்போன சில் (கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகடு) அப்படியல்ல. வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் கூலி சில சமயம் காரின் விலையைத் தாண்டும்.

துருவை எங்கே தேடுவது?

முதலில் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் பின்முனை. இந்த இடத்தில் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி. பிறகு குனிந்து சில்லின் அடிவிளிம்பைப் பாருங்கள். இரண்டு தகடு சேரும் மடிப்பு நேர்கோடாக, கூராகத் தெரியவேண்டும். தடிமனாக, வழவழப்பாக, புதிதாக அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங்கோடு இருந்தால் பழைய தகட்டின் மேல் புதுத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். விற்பவர் “போன மாதம்தான் அண்டர்கோட்டிங் அடித்தேன்” என்று பெருமையாகச் சொன்னால் அங்கே இன்னும் உற்றுப் பாருங்கள்.

என்பி என்றால் அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி முன் சேஸிஸ் ரெயிலையும் பார்க்கவேண்டும். மோதலைத் தாங்குவதற்காக உள்ளே கூடுதல் அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். ஈரமும் மண்ணும் அதற்குள் சிக்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். ஸ்குரூடிரைவர் பின்புறத்தால் தட்டினால் நல்ல ரெயில் கணீரென்று ஒலிக்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். தட்டைக் கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் என்பி வாங்கவேண்டாம்.

சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஈரமாக இருக்கிறது. கூரை கிழிந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. டிரெயின் குழாய் அடைத்திருக்கும்.

கூரையின் பின்விளிம்பில் விழும் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் பிடித்து, இரு சீட்டுகளுக்கும் பின்னால், சீட் பெல்ட் கோபுரத்தின் அருகே உள்ள குழாய்கள் வழியே அடியில் விடுகிறது. இலைத்தூளும் தூசியும் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் இரண்டு வழியில் போகும்: ஒன்று காருக்குள், இன்னொன்று சில்லுக்குள். முன் கேள்வியில் சொன்ன துருவின் தொடக்கம் இந்த அடைப்புதான்.

சோதனை எளிது. கூரையைப் பாதி தூக்கி, மூலையில் குழாயின் வாயைக் கண்டுபிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஒழுகவேண்டும். ஒழுகாவிட்டால் புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் கயிற்றை மெல்ல நுழைத்து முன்னும் பின்னும் அசையுங்கள், பிறகு வெந்நீர் ஊற்றுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், கம்ப்ரெஸர் காற்றும் வேண்டாம். குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் அதன்பிறகு தண்ணீர் முழுக்க சில்லுக்குள்தான். வருடத்துக்கு இரண்டு முறை, குறிப்பாக மழைக்காலத்துக்கு முன்னால், இதைச் செய்யுங்கள். கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் உள்ள சின்ன வடிகால் துளைகளையும் அன்றே குத்தி விடுங்கள்.

இன்ஜினில் என்ன பார்க்கவேண்டும்?

காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

என்ஏவில் ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக் டிக் என்று சத்தம் வரும். வால்வை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் நிறையும்வரை அப்படித்தான். சில நிமிடங்களில் அடங்கினால் கவலையில்லை. சூடான பிறகும் அடங்காவிட்டால் பழைய அல்லது தவறான ஆயில். நல்ல ஆயில் மாற்றி இரண்டு மூன்று நீண்ட ஓட்டம் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆரம்பகால 1.6 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. கீழே உள்ள கிராங்க் புல்லியின் முகப்பில் நான்கு காடிகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் திருத்தப்பட்ட நீள முனை. குட்டை முனையில், டைமிங் பெல்ட் மாற்றியவர் நடு போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்காவிட்டால், ஷாஃப்டோடு பூட்டி வைக்கும் சின்ன உலோகச் சாவித் துண்டு ஆடி ஆடி, தன் காடியைத் தின்றுவிடும். டைமிங் பின்தங்கும், பிக்கப் குறையும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது புல்லியை நேர் எதிரிலிருந்து பாருங்கள். தள்ளாடினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், அல்லது இன்ஜின் இல்லாத காரின் விலைக்குக் கேளுங்கள்.

இன்ஜினின் பின்பக்கம் ஆயில் வழிந்திருந்தால் பல மெக்கானிக்குகள் உடனே “ரியர் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்” என்பார்கள். அதற்கு முன், என்ஏ என்றால், சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்ஸரைத் தடவிப் பாருங்கள். அதிலுள்ள சின்ன ரப்பர் ஓ-ரிங் வயதானதும் கல்லாக இறுகி ஆயிலை விடும். அது பிளாக்கின் பின்னால் வழிந்து பெல் ஹவுஸிங்கில் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்து உறை) சொட்டும். சென்ஸரைப் பிடித்திருப்பது ஒரே போல்ட். கழற்றுமுன் அது நிற்கும் கோணத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இக்னிஷன் டைமிங்கை நிர்ணயிப்பதே அந்தக் கோணம்தான்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி என்ன நிறம் என்றும் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சரி. பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால் வெடிக்கத் தயாராக இருக்கிறது. பேரத்தில் அந்தப் பணத்தைக் கழித்துவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: என்ஏவின் பிற்காலக் கார்களிலும் என்பியிலும் உள்ள ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையான அளவைக் காட்டாது. அழுத்தம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைதான். முள் நடுவில் அசையாமல் நிற்பதைப் பார்த்து இன்ஜின் நலம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஓடிய கிலோமீட்டர் அதிகமாக இருந்தால்?

பராமரித்த ரசீதுகளோடு இரண்டு லட்சம் ஓடிய கார், பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற நாற்பதாயிரம் ஓடிய காரைவிட மேல். நின்ற காரில் ரப்பர் ஹோஸ், சீல், டயர் எல்லாமே போயிருக்கும்.

வாங்கியதும் முதலில் என்ன செய்வது?

விற்பவர் என்ன சொன்னாலும் எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். என்ஏ, என்பி கார்களுக்கான அளவுகள்:

- இன்ஜின் ஆயில், ஃபில்டரோடு: 1.6க்கு சுமார் 3.6 லிட்டர், 1.8க்கு சுமார் 4 லிட்டர். கடைசி அரை லிட்டரை டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள்.
- ஐந்து கியர் உள்ள கியர் பாக்ஸ்: 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், 2 லிட்டர்.
- டிஃபரன்ஷியல்: ஜிஎல்-5 தரம், 1.6 காரில் சுமார் 0.65 லிட்டர், 1.8 காரில் சுமார் 1 லிட்டர்.
- கூலண்ட்: மொத்தம் 6 லிட்டர். பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.
- பிரேக், கிளட்ச்: டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

கியர் பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் முதலில் மேலே உள்ள ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே கீழே உள்ள டிரெயின் போல்ட்டைத் தொடுங்கள். ஃபில்லர் இறுகிப்போய்த் திறக்க மறுத்தால், உள்ளே இருந்த ஆயிலை வடித்துவிட்டு நிற்கும் நிலை வரக்கூடாது. ஜிஎல்-5 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு: அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை நாளடைவில் அரிக்கும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 1,00,000 கிலோமீட்டர். காரின் முன்பக்கத்தை அவிழ்த்த பிறகு வாட்டர் பம்ப், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் முன் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டாம் முறை அவிழ்க்கும் கூலியைவிட இவற்றின் விலை குறைவு.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 1.1 மி.மீ. புதுப் பிளக் போட்டும் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் மிஸ்ஸிங் ஆனால் கோளாறு பிளக் ஒயரில். இந்தக் கார்களில் அது எளிதில் தேயும் பாகம்.

கியர் லீவர் பக்கத்திலிருந்து சூடும் சத்தமும் வருகிறது, கியரும் சொரசொரப்பாக விழுகிறது.

இந்தக் காரின் பெரிய இன்பமே அந்தக் குட்டையான கியர் லீவர்தான், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். லீவரின் அடிப்பந்து, கியர் பாக்ஸ் ஆயிலோடு கலக்காத தனிக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயில் மாற்றினாலும் இந்தக் குழியின் ஆயில் மாறாது. அதை மூடியிருக்கும் சின்ன உள் ரப்பர் பூட் கிழிந்தால் ஆயில் ஆவியாகிக் குழி வறண்டுவிடும், கீழேயிருந்து சூடும் ஏறும்.

கியர் நாப்பைத் திருகிக் கழற்றி, நடுக் கன்ஸோலை எடுத்து, பெரிய வெளி ரப்பரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டையும், பிறகு லீவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டையும் அவிழ்த்தால் லீவர் மேலே வந்துவிடும். எல்லாமே 10 மி.மீ. ஸ்பேனர். குழியில் மிஞ்சிய கறுப்புக் குழம்பை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு 80–90 மி.லி. புது கியர் ஆயில் ஊற்றுங்கள். லீவரின் நுனியில் தொப்பி மாதிரி ஒரு நைலான் புஷ் இருக்கும், பெரும்பாலும் உடைந்திருக்கும். அதையும் உள் பூட்டையும் புதிதாகப் போட்டு மூடுங்கள். ஒரு மணி நேர வேலை, பாகங்கள் மலிவு, இதைவிட அதிகப் பலன் தரும் வேலை இந்தக் காரில் இல்லை.

கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது.

கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிக்குமுன் பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். பெல் ஹவுஸிங்கின் வெளியே இருக்கும். அதன் ரப்பர் தொப்பியை விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். இரண்டு போல்ட்தான். சிலிண்டரையும் ஹோஸையும் சேர்த்து மாற்றிக் காற்றெடுங்கள். மாஸ்டர் சிலிண்டரும் அதே வயதுதான், கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகக்கூடும்.

பின் பிரேக் பேட் மாற்றுகிறேன், பிஸ்டன் உள்ளே போகமாட்டேன் என்கிறது.

சி-கிளாம்ப் போட்டு அழுத்தாதீர்கள்! ஹேண்ட்பிரேக் பொறிமுறை, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது, அழுத்தினால் உடையும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, காலிப்பரின் பின்பக்கம் உள்ள மூடி போல்ட்டை எடுங்கள். அதற்குள் 4 மி.மீ. ஆலன் கீ போகும். இடப்பக்கம் திருப்பத் திருப்பப் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேட் மாட்டிய பிறகு, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்வரை வலப்பக்கம் திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். ஸ்லைடு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பாதி இந்தச் சரிசெய்தலைச் செய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டியதால் வருவது.

எந்த பேட்டரி வேண்டுமானாலும் போடலாமா?

கூடாது. என்ஏ, என்பியில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. வாயு வெளியே போகக் குழாய் மாட்டும் வசதியுள்ள சீல்டு ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் சிந்தாத ரகம்) வேண்டும். சாதாரண பேட்டரி போட்டால் ஆசிட் ஆவி டிக்கியின் தரையைத் தின்னும். வாங்கும்போதே பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்கள்.

கூரையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

என்ஏவில் பிளாஸ்டிக் ஜன்னல் என்றால், மடக்குமுன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். திறக்காமல் மடக்கினால் நடுவில் மடிப்பு விழுந்து அங்கேயே கீறும். கடும் குளிரில் மடக்கவே வேண்டாம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரையை மாற்ற நேர்ந்தால் என்பியின் கண்ணாடி ஜன்னல் கூரை என்ஏவிலும் பொருந்தும்; அதையே போடுங்கள். கழற்றிய கையோடு அந்த மழைநீர் வாய்க்காலையும் புதிதாக மாற்றுங்கள், பழையது அப்பளம்போல நொறுங்கும்.

ஜாக்கியை எங்கே வைப்பது?

முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவில், பின்னால் டிஃபரன்ஷியல் உறையின் அடியில். ஸ்டாண்டுகளை சில்லின் அடிவிளிம்பில் குறித்திருக்கும் இரண்டு வெட்டுகளுக்கு இடையே வையுங்கள், வேறெங்கு வைத்தாலும் தகடு நசுங்கும். வீல் நட்டுக்கு சுமார் 100–110 நியூட்டன் மீட்டர்.

கார் சாலையில் அலைபாய்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றவேண்டுமா?

முதலில் டயர் காற்று. பெரிய கார் பழக்கத்தில் 33, 35 என்று அடித்துவிடுகிறார்கள். என்ஏ, என்பிக்கு நான்கு சக்கரத்துக்கும் 26 பிஎஸ்ஐ போதும். அடுத்து டயரின் வயது: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஏழெட்டு வருடமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். மழையில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்ற கதைகளில் காரின் குணத்தைவிட இறுகிய டயருக்குப் பங்கு அதிகம்.

மூன்றாவது அலைன்மெண்ட். ஒவ்வொரு சக்கரத்தின் கீழ் ஆர்மிலும் கோணத்தைத் திருத்தும் இரண்டு கேம் போல்ட் உண்டு, எனவே நான்கு சக்கரத்தையும் திருத்தலாம். முன்னால் −1 டிகிரி, பின்னால் −1.5 டிகிரி கேம்பர் (சக்கரத்தின் உச்சி உள்நோக்கிச் சாயும் கோணம்), பின்னால் மிகக் கொஞ்சம் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருப்பது). சாலைக்கு இது நல்ல தொடக்கம். கடைக்குப் போவதற்குச் சில நாள் முன்பே அந்தப் போல்ட்டுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். அசையாவிட்டால் போல்ட்டை அறுத்தெடுக்க வேண்டியிருக்கும், பல கடைகள் அதைச் செய்யாமல் முன் டோவை மட்டும் திருத்தி அனுப்பிவிடும்.

டர்போ போடலாமா?

போடலாம். ஆனால் கூலண்ட், பிரேக், டயர், புஷ் எல்லாம் சரியான பிறகு. அதெல்லாம் சரியானதும் பலருக்கு டர்போ ஆசை போய்விடுகிறது.

ரோல் பார் அவசியமா?

என்ஏவில் கவிழ்ந்தால் தாங்க வளையம் எதுவுமில்லை, எனவே டிராக்குக்குப் போவதென்றால் கட்டாயம். ரோல் பார் உச்சிக்கும் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் ஒரு நேரான கம்பை வையுங்கள். ஹெல்மெட்டோடு உட்கார்ந்த தலை அந்தக் கம்புக்குக் கீழே 5 செ.மீ. ஆவது இருக்கவேண்டும். சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதால், தலை படக்கூடிய இடமெல்லாம் கெட்டியான பேடிங் சுற்றவேண்டும்.

வேறு எந்த ரோட்ஸ்டர்களைப் பார்க்கலாம்?

டொயோட்டா எம்ஆர்2வின் மூன்றாம் தலைமுறை (1999–2007): இன்ஜின் நடுவில், ஓட்டம் அருமை, சாமான் வைக்க இடம் கிடையாது. ஆரம்பகாலக் கார்களில் முன்-கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) உதிர்ந்து இன்ஜினுக்குள் போவதும், ஆயில் குடிப்பதும் உண்டு. பிஎம்டபிள்யூ இசட்3: டிக்கிக் கார்பெட்டைத் தூக்கி, டிஃபரன்ஷியல் தொங்கும் இடத்தில் தரையின் ஸ்பாட் வெல்டிங் பிய்ந்திருக்கிறதா பாருங்கள். எம்ஜிஎஃப்: ஹெட் கேஸ்கெட் மாற்றிய அத்தாட்சி இல்லாமல் வாங்கவேண்டாம். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை 986 விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள் உள்ள இடைநிலை ஷாஃப்டின் பேரிங்) போனால் இன்ஜினே போகும், உதிரிபாகமோ போர்ஷே விலைதான்.

சில மாதம் ஓட்டாமல் நிறுத்தவேண்டும்.

புது ஆயில் மாற்றி, டேங்க்கை நிரப்பி, கூரையை ஏற்றிப் பூட்டி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்; ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு மெயின்டெயினர் சார்ஜர் மாட்டுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டால் அடியில் வியர்த்து ஈரம் நிற்கும், துணி உறை மேல். வாரம் ஒரு தரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதென்று நினைக்காதீர்கள்: சூடேறாத இன்ஜினிலும் சைலன்ஸரிலும் தண்ணீர்தான் சேரும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள்.